கைக்குழந்தைக்கு ஒரு சின்ன ஆபரேஷன்

கைக்குழந்தைகளுக்கு மிகப் பரவலாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளுள் ஒன்று தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்கானது. அதன் வேர் கருவறையில் இருக்கிறது. ஆண் கருவின் விரைகள் முதலில் வயிற்றுக்குள் உருவாகின்றன. ஏழாம் மாத வாக்கில் அவை தொடையிடுக்கின் வழியாகக் கீழிறங்கி விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. இறங்கும்போது வயிற்றின் உள்ளுறையும் ஒரு குறுகிய பையாக நீண்டு கூடவே வருகிறது. பிறப்பையொட்டி இந்தப் பையின் வாய் தானாக அடைபட வேண்டும். அடைபடாமல் போனால், குழந்தை அழும்போதும் முக்கும்போதும் குடலின் ஒரு மடிப்பு அதற்குள் நழுவி வெளியே வீக்கமாகத் தெரியும். வலது விரை சற்றுப் பிந்தி இறங்குவதால் வலப்பக்கத்தில்தான் இது அதிகம். நிறைமாதத்தில் பிறந்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 10 முதல் 30 பேருக்கும் வரும் என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. பெண் குழந்தைகளுக்குப் பல மடங்கு குறைவு. ஆனால் வந்தால், அந்தப் பைக்குள் குடலுக்குப் பதிலாகச் சினைப்பை நழுவி வந்து சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

இதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றுகிற பாட்டியோ, துணி மாற்றுகிற தாயோதான். அழுகிறபோது புடைத்து, தூங்கிய பிறகு மறைந்துவிடும் வீக்கம் அது. மருத்துவமனையில் சீட்டு வாங்கிக் காத்திருந்து உள்ளே போகும்போது குழந்தை அமைதியாக இருக்கும், தொட்டுப் பார்த்தால் ஒன்றுமிருக்காது. அனுபவமுள்ள குழந்தை அறுவை மருத்துவர் இதனால் குழம்புவதில்லை. எந்தப் பக்கம், எப்போது வருகிறது, தானாக உள்ளே போகிறதா என்று கேட்பார். இப்போது செல்பேசியில் படம் எடுத்து வரச் சொல்கிறார்கள். ஆக, இந்த நோயில் நோயறிதலின் கணிசமான பங்கு வீட்டிலிருந்து வரும் சாட்சியத்தின் மேல் நிற்கிறது. 'இப்ப ஒண்ணும் இல்லையேம்மா' என்று அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிடுவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, மருத்துவப் பிழையும்கூட.

அடுத்த கட்டம் யோசனைகளின் காலம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்தது, தானாகவே சரியாகிவிட்டது என்பார் ஒருவர். அவர் பொய் சொல்வதில்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்தது வேறாக இருக்கலாம். அதே பாதை மிக நுண்ணிய துளையாக மட்டும் திறந்திருந்தால் குடல் வராது, நீர் மட்டும் இறங்கித் தேங்கும். கிராமத்தில் ஓதம் என்று சொல்லும் இந்த வகை ஒன்றிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் வற்றிவிடும் என்பதால் காத்திருக்கச் சொல்வார்கள். தொப்புளில் புடைக்கிற குடலிறக்கமும் நான்கைந்து வயதுக்குள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அதன்மேல் நாணயத்தை வைத்துக் கட்டுவது அதற்கு எந்த உதவியும் செய்வதில்லை, தோல்தான் புண்ணாகும். தொடையிடுக்குக் குடலிறக்கம் இவற்றோடு சேராது. அது தானாகக் குணமாகாது. எண்ணெய் தடவுவதாலோ கச்சை கட்டுவதாலோ அந்தப் பாதை அடைபடப் போவதில்லை.

காரணம் தேடுவதும் இதே நாட்களில்தான் நடக்கிறது. பல வீடுகளில் அது தாயின் தலையில் போய் விழுகிறது. மாசமாக இருந்தபோது கனமானதைத் தூக்கினாயா, பிள்ளையை நெடுநேரம் அழவிட்டாயா என்ற கேள்விகள் எழும். இரண்டுக்கும் இதில் பங்கில்லை. பாதை பிறக்கும்போதே திறந்திருந்தது. அழுகை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை மருத்துவர் தாயிடம் மட்டும் சொல்லாமல் கூட வந்திருக்கும் மாமியாருக்கும் கணவருக்கும் கேட்கும்படி சொன்னால், அந்த வீட்டில் பல இரவுகள் நிம்மதியாகும்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்கும் வரை ஒரு காவல் காலம். வெளியே வந்த குடல் உள்ளே திரும்ப முடியாமல் குறுகிய வாயில் சிக்கினால், ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குடல் அழுகத் தொடங்கும். அதே இறுக்கம் விரைக்குப் போகும் ரத்தத்தையும் நெரிக்கும். முதல் வயதில் இந்த ஆபத்து மிக அதிகம். வீக்கம் கெட்டியாக இறுகுவது, தொட்டாலே குழந்தை வீறிடுவது, பால் குடிக்க மறுப்பது, பச்சையாக வாந்தியெடுப்பது ஆகியவை நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டிய அறிகுறிகள். பெரும்பாலான சமயம் மருத்துவர் குழந்தையை அமைதிப்படுத்தி, கையாலேயே குடலை மெல்ல உள்ளே தள்ளிவிடுவார். வீக்கம் தணிய ஒன்றிரண்டு நாள் விட்டு, வீட்டுக்கு அனுப்பாமல் அறுவை சிகிச்சை செய்வார்கள். குறைமாதக் குழந்தைகளில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. அவர்களுக்கு மயக்கத்துக்குப் பிறகு மூச்சு திடீரென நின்றுபோகும் போக்கு உண்டு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சற்று வளர்ந்த பின் செய்தால் கடுமையான பாதிப்புகள் குறைகின்றன என்று 2024-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

இவ்வளவும் புரிந்த பிறகும் வீட்டார் தயங்குவது கத்தியைப் பார்த்து அல்ல, மயக்க மருந்தைப் பார்த்துத்தான். மூளையைப் பாதிக்குமா, பிள்ளை மந்தமாகிவிடுமா என்ற கேள்வி படித்தவர், படிக்காதவர் இருவரிடமும் ஒன்றுபோல எழுகிறது. அது வெறும் பயமில்லை. எலிக்குட்டிகளுக்கு மணிக்கணக்கில் மயக்க மருந்து கொடுத்தபோது வளரும் மூளையின் செல்கள் அழிந்ததை ஆய்வகங்கள் கண்டிருந்தன. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேலோ, பலமுறையோ மயக்கம் தருவது குறித்து அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2016-ல் எச்சரித்தது. மனிதக் குழந்தைகளில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய மிக முக்கியமான ஆய்வு, இதே குடலிறக்கத்துக்காக வந்த குழந்தைகளைக் கொண்டே நடந்தது. ஏழு நாடுகளின் 28 மருத்துவமனைகளில் 722 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறு பாதிக்கு விழித்திருக்கும்போதே இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகும் ஊசி. ஐந்து வயதில் அவர்களின் அறிவுத்திறனைச் சோதித்தபோது இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. 2019-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒற்றை மயக்கம் பிள்ளையின் அறிவைக் குறைக்காது என்று இன்று ஒரு மருத்துவர் தாயிடம் நம்பிக்கையோடு சொல்ல முடிவது, தங்கள் குழந்தைகளை அந்த ஆய்வுக்குத் தந்த பெற்றோர்களால்தான்.

தேதி குறித்த பின் ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை, விடுப்புக் கடிதம் என்று வேலைகள் விரைந்து நடக்கும். மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்தருகே வைக்கப்படும். குலதெய்வத்துக்கோ வைத்தீஸ்வரன் கோவிலுக்கோ ஒரு வேண்டுதல் ஏறும். முதல் நாள் குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் எல்லாம் தள்ளிப்போகும். சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழாய் மயக்கத்தின்போது எளிதில் சுருங்கிவிடும் என்பதால் சில வாரம் கழித்து வரச் சொல்வார்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்த குடும்பத்துக்கு இந்தத் தள்ளிவைப்பு ஆபரேஷனைவிடக் களைப்பூட்டுவது.

இந்த அனுபவத்தின் கடினமான பகுதி அறுவை அரங்கில் இல்லை, அதற்கு முந்தைய இரவில் இருக்கிறது. மயக்கத்தில் தொண்டையின் காப்பு உணர்வு ஓய்ந்துவிடும். வயிற்றில் பால் இருந்தால் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அதனால் நெடுங்காலமாக உள்ள விதி இது: தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும், புட்டிப்பாலோ பசும்பாலோ என்றால் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம். 'ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல எதுவும் குடுக்காதீங்க' என்று பெரியவர்களுக்குச் சொல்லும் அதே வாக்கியத்தைக் கைக்குழந்தையின் தாயிடமும் சொல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது தவறு. சின்ன உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு, நீர் விரைவில் வற்றும். குழந்தைகளைப் பட்டியலில் முதலில் எடுப்பதும் இதற்காகத்தான்.

காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்றால் தாய் மூன்றரைக்கு எழுந்து, தூங்குகிற குழந்தையை எழுப்பிப் பால் கொடுத்து, நான்கு மணியோடு நிறுத்த வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் அது வாயைச் சப்புக் கொட்டத் தொடங்கும். தாயின் மடியில் இருந்தால் பால் வாசனைக்கு முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடும். எனவே அவளிடமிருந்து வாங்கித் தாத்தாவோ அப்பாவோ வராந்தாவில் நடப்பார்கள். அழுகிற சத்தம் கேட்டதும் தாய்க்குப் பால் சுரந்து ரவிக்கை நனையும். ஒரு ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீரால் என்ன ஆகிவிடும் என்று பாட்டிக்குத் தோன்றுவது இயற்கை. ஏன் கூடாது என்று அவருக்கும் யாராவது விளக்கியிருந்தால் மட்டுமே அந்த ஸ்பூன் தவிர்க்கப்படும். பசித்தழும் பிள்ளைக்குப் பாலைக் கொடுக்காமலிருப்பது தாய்மையின் எல்லாப் பழக்கத்துக்கும் எதிரானது. அந்த நான்கு மணி நேரத்தைத் தாங்குவது அறுவை சிகிச்சையின் ஒரு பகுதி. எந்தக் கட்டணச் சீட்டிலும் அது இடம்பெறுவதில்லை.

அரங்கின் வாசலில் செவிலியர் முதலில் பார்ப்பது உடம்பில் இருப்பவற்றை. வெள்ளி அரைஞாண், கொலுசு, கையில் வசம்பு வளையல், கழுத்தில் தாயத்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. உலோகம் மின்கருவியால் சூடுபட வைக்கலாம், இடுப்புக் கயிறு கிருமிநாசினி பூசும் இடத்தில் குறுக்கே கிடக்கும், மை நிறமாற்றத்தை மறைக்கும். காரணங்கள் எல்லாம் சரியானவை. ஆனால் பிறந்த சில நாட்களில் சொந்தம் கூடிக் கட்டிய கறுப்புக் கயிற்றைக் கத்தரிக்கோலால் நறுக்குவதற்கும், முடிச்சை அவிழ்த்துத் தாயின் உள்ளங்கையில் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. அவிழ்க்க அரை நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த அரை நிமிடம் செலவிடத்தக்கது.

பிறகு அதே கேள்வி மூன்று பேரிடமிருந்து வரும். எந்தப் பக்கம்? செவிலியர் கேட்பார், மயக்க மருந்து டாக்டர் கேட்பார், அறுவை மருத்துவரே வந்து கேட்பார். இவர்களுக்கே தெரியாதா என்று குடும்பம் திகைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2008-ல் அறிமுகப்படுத்திய பாதுகாப்புச் சரிபார்ப்பு முறையின் ஒரு பகுதி இது. தூங்கும் குழந்தையிடம் வீக்கம் தெரியாது என்பதால் இடம் மாறிவிட வாய்ப்புள்ள அறுவை சிகிச்சை இது. தாய் சொல்லச் சொல்லத் தோலில் மையால் அடையாளம் இடப்படுகிறது.

அந்நியரைக் கண்டு அஞ்சும் குணம் எட்டாம் மாத வாக்கில்தான் வலுவாக வருகிறது. அதற்கு முன்பு குழந்தை, பசி இல்லாவிட்டால், பச்சை உடுப்பு அணிந்தவரின் கைக்கு எதிர்ப்பில்லாமல் மாறும். சிரித்துக்கொண்டேகூடப் போகும். பிரிவின் துயரம் முழுவதும் அப்போது வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கே.

உள்ளே அறை வெதுவெதுப்பாக வைக்கப்பட்டிருக்கும், ஏனெனில் சிறிய உடல் சூட்டை விரைவில் இழக்கும். ஆறு கிலோ எடையுள்ள குழந்தையின் மொத்த ரத்தம் அரை லிட்டருக்கும் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் அது பெரியவர்களைப் போல இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. மூச்சு தடைப்பட்டால் நீலம் பாய நிமிடங்கள் ஆவதில்லை. அதனால்தான் கால் கட்டைவிரலில் சுற்றிய சிவப்பு விளக்குப் பட்டையிலிருந்து மயக்கவியல் மருத்துவர் கவனத்தை எடுப்பதே இல்லை. முகமூடி வழியே செவோஃப்ளூரேன் வாயு, தூங்கிய பின் புறங்கையில் ஊசி, முதுகின் அடியில் வால் எலும்பருகே மரத்துப்போகும் மருந்து. அடிவயிற்றின் மடிப்புக் கோட்டிலேயே சுமார் இரண்டு சென்டிமீட்டர் கீறல். விந்துக்குழாயும் விரையின் ரத்த நாளங்களும் அந்தப் பையோடு ஒட்டிக் கிடக்கும், மிக மெல்லியவை. அவற்றைச் சேதமில்லாமல் பிரித்தெடுத்துப் பையின் கழுத்தை உயரத்தில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. பெரியவர்களுக்கு வைப்பதுபோல் வலை தேவையில்லை, ஏனெனில் குழந்தையின் தசையில் பலவீனம் எதுவும் இல்லை. சிகாகோவின் வில்லிஸ் பாட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1950-ல் இந்த எளிய கட்டே போதும் என்று எழுதினார்கள். அரை மணி நேர வேலை என்று சொல்வது கீறலிலிருந்து தையல் வரை உள்ள நேரத்தை. மயக்கம் தருவதும் தெளிவிப்பதும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். வெளியே உள்ளவர்கள் கதவு மூடிய கணத்திலிருந்து எண்ணுகிறார்கள். இந்த வேறுபாட்டை முன்பே சொல்லாததால் எத்தனையோ குடும்பங்கள் நாற்பதாவது நிமிடத்திலிருந்து வீணாகத் தவிக்கின்றன.

வலிக்குமா என்பது வீட்டார் கேட்கும் மிக எளிய கேள்வி. மருத்துவம் அதற்கு நெடுங்காலம் தவறான பதிலை வைத்திருந்தது. பிறந்த குழந்தையின் நரம்புகள் முதிராதவை, வலியை உணராது, உணர்ந்தாலும் நினைவில் நிற்காது என்ற நம்பிக்கை 1980கள் வரை செல்வாக்கோடு இருந்தது. மயக்க மருந்தின் அளவு கூடினால் உயிர் போய்விடும் என்ற அச்சமும் கூட இருந்தது. எனவே குறைமாதக் குழந்தைகள் பலருக்குத் தசைகளை முடக்கும் மருந்தும் சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கொடுத்து அறுவை சிகிச்சை நடந்தது. அசைய முடியாத குழந்தை அழவும் முடியாது. 1985-ல் அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோன ஒரு குறைமாதக் குழந்தையின் தாய், தன் மகனுக்கு வலி நீக்கும் மருந்து எதுவுமே தரப்படவில்லை என்பதைப் பிறகு அறிந்து, அதை விடாமல் எழுதி உலகறியச் செய்தார். அதே காலத்தில், இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த், அறுவை சிகிச்சை முடிந்து திரும்பும் பச்சிளம் குழந்தைகள் ஏன் இவ்வளவு சீர்குலைந்து வருகிறார்கள் என்று ஆராய்ந்தார். ஃபென்டனில் என்ற வலிநீக்கி சேர்த்துக் கொடுத்தால் உடலின் அதிர்ச்சி எதிர்வினையும் பின்விளைவுகளும் குறைகின்றன என்று 1987-ல் லான்செட்டில் நிறுவினார். அந்த ஆண்டே அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் பச்சிளம் குழந்தைகளுக்கும் மயக்கமும் வலிநீக்கமும் தர வேண்டும் என்று அறிவித்தது.

நினைவில் நிற்காது என்ற வாதமும் தேறவில்லை. டொரான்டோவில் அன்னா டாடியோ குழுவினர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், பிறந்தவுடன் வலிநீக்கியின்றி முன்தோல் நீக்கப்பட்ட ஆண் குழந்தைகள், சில மாதம் கழித்துத் தடுப்பூசி போட்டபோது மற்றவர்களைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். குழந்தை சொல்லாது, பிற்பாடு நினைத்துப் பார்க்கவும் செய்யாது. ஆனால் உடல் எதையோ வைத்துக்கொள்கிறது. 'பிள்ளைக்கு என்ன தெரியும்' என்பதைத் தாய்மார்கள் ஒருபோதும் முழுதாக நம்பியதில்லை. இந்த விஷயத்தில் அவர்கள் அறிவியலுக்கு முன்னால் நின்றார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மயக்கம் தெளியும்போது குழந்தை கரகரத்த குரலில் அழும். தாயை உள்ளே கூப்பிடுவார்கள். நன்றாக விழித்ததும் பால் கொடுக்கலாம். பெரும்பாலும் அந்தப் பாலோடு அழுகை அடங்கும். தாய் பக்கத்தில் இருப்பது சிகிச்சைக்கு இடைஞ்சல் அல்ல, சிகிச்சையே அதுதான் என்று கிளாஸ்கோவின் ஜேம்ஸ் நிக்கல் 1909-லேயே வாதாடினார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 9000 புறநோயாளி அறுவை சிகிச்சைகள் நடந்த கணக்கை அவர் வெளியிட்டார். பால் குடிக்கும் குழந்தைகளை அன்றே தாயோடு வீட்டுக்கு அனுப்பினார். மருத்துவமனை அருகே தாயும் சேயும் தங்க ஒரு வீட்டையும் ஏற்படுத்தினார். அவர் பேச்சை உலகம் உடனே கேட்கவில்லை. பிரிட்டனில் அதற்குப் பின்னும் பெற்றோரை வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் அனுமதித்த குழந்தைகள் வார்டுகள் இருந்தன. ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-ல், மருத்துவமனையில் தனித்துவிடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். 1959-ல் அங்கே பிளாட் என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை பெற்றோருக்குக் கதவைத் திறக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை, இட நெருக்கடி என்று எத்தனையோ குறைகள் உண்டு. ஆனால் குழந்தையோடு தாய் இருப்பது அங்கே பொதுவாகக் கேள்விக்குள்ளாவதில்லை.

பெரும்பாலான குழந்தைகள் அன்று மாலையோ மறுநாளோ வீடு திரும்புவார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களை மட்டும் மூச்சைக் கண்காணிக்க ஓர் இரவு வைத்துக்கொள்வார்கள். வீட்டில் முதல் கவனம் மருந்தளவில் தேவை. பாராசிட்டமால் குழந்தையின் எடையைப் பார்த்துத் தரப்படுவது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று செறிவு வேறுபடும். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். சீட்டில் பெயரோடு செறிவையும் எழுதி வாங்குவது நல்லது. தூளியில் போடலாமா, குப்புறப் படுக்கலாமா என்று வீடு கேட்கும். கைக்குழந்தைக்கு அப்படிப்பட்ட தடைகள் பொதுவாக இல்லை. விதைப்பை சில வாரம் வீங்கியிருப்பதும் திரும்ப வந்துவிட்டதாகப் பொருளல்ல. தையல் தானே கரையும். தையல் சிவந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்பக் காட்ட வேண்டும். பார்க்க வருகிற உறவினர்கள் குழந்தையைத் தூக்காமல் போனால் அதுவே அவர்கள் செய்யும் உதவி.

அதே பக்கத்தில் திரும்ப வருவது அரிது, நூற்றில் ஒன்று என்ற அளவில். மறுபக்கத்தில் பின்னாளில் தோன்றுவது அதைவிட அதிகம். அறுவைக்குப் பின் விரை வடுவில் இழுபட்டு மேலேறிவிடவும் கூடும் என்பதால், சில மாதம் கழித்து அது விதைப்பையில் இருக்கிறதா என்று மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். வலி போன பிறகு பலர் இந்தச் சந்திப்புக்குப் போவதில்லை, போக வேண்டும். இந்த ஆபரேஷனை அந்தப் பிள்ளை ஒருநாளும் தன் நினைவிலிருந்து சொல்லப்போவதில்லை. இருபது வயதில் அடிவயிற்றில் வலி என்று போய் நின்றால், கீறல் கோடும் தோல் மடிப்போடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆகவே எந்தப் பக்கம், எந்தத் தேதி, என்ன மயக்கம், மறுபக்கம் பார்க்கப்பட்டதா என்று எழுதிய டிஸ்சார்ஜ் தாளைத் தடுப்பூசி அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் உறையிலேயே போட்டுவைக்க வேண்டும். பிள்ளை வளர்ந்ததும் அதைப் படித்துக் காட்டி, கையில் கொடுத்துவிட வேண்டும்.